எட்டாவது செமஸ்டரில் இரண்டு பாடம்: பி.ஃபார்ம் படிக்கும் பிள்ளைகளும் பெற்றோரும் முன்கூட்டியே பேசிக்கொள்ள வேண்டியது



பிளஸ் டூ முடிவுகள் வந்ததும் நம் அறக்கட்டளைக்கு வரும் கல்வி உதவி விண்ணப்பங்களில் பி.ஃபார்ம் படிப்புக்கானவையும் இருக்கும். காரணம் தெரிந்ததுதான். இதற்கு நீட் தேர்வு தேவையில்லை, பிளஸ் டூ மதிப்பெண் போதும். தாம்பரத்தைச் சுற்றி வீட்டிலிருந்தே போய்வரும் தூரத்தில் கல்லூரிகளும் இருக்கின்றன. வண்டலூரில் கிரசென்ட், பல்லாவரத்தில் வேல்ஸ், காட்டாங்கொளத்தூரில் எஸ்.ஆர்.எம்., சோழிங்கநல்லூரில் முகமது சதக் ஏ.ஜே. பார்மசி கல்லூரி, துரைப்பாக்கத்தில் சி.எல். பைத் மேத்தா என்று பல. பெண் பிள்ளையை ஹாஸ்டலுக்கு அனுப்பத் தயங்கும் குடும்பங்களுக்கு இது பெரிய வசதி.

கடைசி ஆண்டுக் கட்டணத்துக்கு உதவி கேட்டு ஒரு சகோதரர் தம் மகளுடன் எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். படிவம் எழுதிக்கொண்டே மகளிடம், “எலெக்டிவ் என்னம்மா எடுத்திருக்கீங்க?” என்று கேட்டோம். இரண்டு பாடங்களின் பெயரைச் சொன்னார். ஏன் அவை என்று கேட்டதற்கு, “மார்க் நல்லா வரும்னு சீனியர் அக்கா சொன்னாங்க. கிளாஸ்ல எல்லாரும் அதைத்தான் எடுத்தாங்க” என்றார். படிப்பு முடிந்து எந்த வேலைக்குப் போக ஆசை என்றதும் தயங்காமல், “ஃபார்மகோவிஜிலன்ஸ்” என்றார். மருந்துகளின் பக்கவிளைவுகளைக் கண்காணிக்கும் துறை அது. அந்தப் பெயரிலேயே ஒரு விருப்பப் பாடம் அவருடைய கல்லூரியிலும் இருந்தது. அதை அவர் எடுக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த தந்தை, “இப்படி ஒன்னு தேர்ந்தெடுக்கணும்னு எங்களுக்கு யாருமே சொல்லலையே” என்றார்.

அவர் சொன்னது உண்மை. சீட், கட்டணம், பஸ் வசதி எல்லாவற்றையும் விசாரிக்கும் நாம் இதை விசாரிப்பதில்லை. அதனால்தான் இந்தக் கட்டுரை.

விருப்பப் பாடம் என்றால் என்ன?

பி.ஃபார்ம் நான்கு ஆண்டு, எட்டு செமஸ்டர் படிப்பு. டி.ஃபார்ம் முடித்தவர்கள் நேராக மூன்றாவது செமஸ்டரில் சேரலாம். பாடத்திட்டத்தை வகுப்பது பார்மசி கவுன்சில் ஆஃப் இந்தியா. அதன் 2014-ஆம் ஆண்டு விதிமுறைப்படி ஏழு செமஸ்டர்களுக்குப் பாடங்கள் எல்லோருக்கும் பெரும்பாலும் ஒன்றேதான். எட்டாவது செமஸ்டரில் மட்டும் பத்துப் பாடங்களைக் கொடுத்து, அவற்றில் இரண்டைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறார்கள். இவற்றைத்தான் எலெக்டிவ் என்கிறோம்.

அந்தப் பத்து இவை: மருந்து விற்பனை மேலாண்மை, மருந்து அனுமதிச் சட்டங்கள் பற்றிய ரெகுலேட்டரி சயின்ஸ், ஃபார்மகோவிஜிலன்ஸ், மூலிகை மருந்துகளின் தரக்கட்டுப்பாடு, கம்ப்யூட்டர் வழி மருந்து வடிவமைப்பு, செல் மற்றும் மூலக்கூறு உயிரியல், அழகுசாதன அறிவியல், ஆய்வகப் பரிசோதனை சார்ந்த மருந்தியல், நவீன பகுப்பாய்வுக் கருவிகள், ஊட்டச்சத்து துணைப் பொருட்கள்.

ஒவ்வொரு பாடத்துக்கும் வாரம் மூன்று மணி நேர வகுப்பு, ஒரு மணி நேர ட்யூட்டோரியல், நான்கு கிரெடிட். இரண்டுக்கும் சேர்த்து எட்டு கிரெடிட். பிராக்டிகல் கிடையாது. இதைக் கவனத்தில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

முதலில் பயத்தை விடுவோம்

“தப்பான பாடத்தை எடுத்துவிட்டால் வேலையே கிடைக்காதா?” என்று சில பிள்ளைகள் கலங்குகிறார்கள். அப்படி இல்லை.

1948-ஆம் ஆண்டின் பார்மசி சட்டப்படி மருந்தாளுநராகப் பதிவு செய்துகொள்ளப் பட்டம்தான் தேவை. எந்த எலெக்டிவ் எடுத்தீர்கள் என்று தமிழ்நாடு பார்மசி கவுன்சில் பார்ப்பதில்லை. சொந்தமாக மருந்துக் கடை வைப்பதற்கும், மருத்துவமனை மருந்தகத்தில் சேர்வதற்கும் இதுவே. மருந்து ஆய்வாளர் பதவிக்கு 1945-ஆம் ஆண்டின் மருந்து விதிகள் கேட்பதும் பட்டத்தைத்தான். வளைகுடா நாடுகளுக்குப் போக நினைப்பவர்களுக்குப் பட்டம், கவுன்சில் பதிவு, வேலை அனுபவம், அந்த நாட்டின் உரிமத் தேர்வு ஆகியவையே முக்கியம்.

எம்.ஃபார்ம் படிக்க எழுதும் ஜிபேட் தேர்வும் வேதியியல், மருந்தாக்கவியல், மருந்தியல், மூலிகையியல் போன்ற அடிப்படைப் பாடங்களிலிருந்துதான் பெரும்பாலும் கேட்கிறது. அதை இறுதியாண்டில் இருக்கும்போதே எழுதலாம். தேறி, அங்கீகாரம் பெற்ற கல்லூரியில் எம்.ஃபார்ம் சேரும் தகுதியுள்ள மாணவருக்கு மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை உண்டு. மேற்படிப்புக்குக் கடன் வாங்கத் தயங்கும் குடும்பங்கள் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

அப்படியென்றால் எதை எடுத்தால் என்ன?

இங்கேதான் பலரும் கவனிக்காத ஒரு விதி இருக்கிறது. எட்டாவது செமஸ்டரில் ப்ராஜெக்ட் ஒன்று செய்ய வேண்டும். அதற்கு ஆறு கிரெடிட், 150 மதிப்பெண். ஐந்து பேருக்கு மிகாத குழுவாக, ஓர் ஆசிரியரின் வழிகாட்டுதலில் செய்வார்கள். அந்த ப்ராஜெக்ட்டின் தலைப்பு, மாணவர் எடுத்த விருப்பப் பாடங்களில் ஒன்றோடு நேரடியாகத் தொடர்புடையதாக இருக்க வேண்டும் என்று விதிமுறை சொல்கிறது.

ஆக, விருப்பப் பாடத்தைத் தேர்ந்தெடுக்கும்போதே ப்ராஜெக்ட்டையும் தேர்ந்தெடுத்து விடுகிறோம். எட்டாவது செமஸ்டரின் 22 கிரெடிட்டில் விருப்பப் பாடம் எட்டு, ப்ராஜெக்ட் ஆறு, மொத்தம் 14. நான்கு ஆண்டுப் படிப்பில் பிள்ளையின் சொந்த விருப்பத்துக்கு விடப்பட்ட பெரிய பகுதி இதுதான்.

பாடத்துக்கு பிராக்டிகல் இல்லை என்று முன்பு சொன்னோம். கையால் செய்து பழகும் வாய்ப்பு ப்ராஜெக்ட்டில்தான். முதல் வேலைக்கான நேர்காணலில் அனுபவம் இல்லாத பிள்ளையிடம், “ப்ராஜெக்ட் என்ன செய்தீர்கள்?” என்பது வழக்கமாக வரும் கேள்வி. பத்து நிமிடம் தெளிவாகப் பேசும் அளவுக்கு ஒரு வேலையைத் தானே செய்திருந்தால் அந்தப் பிள்ளையின் தைரியமே வேறு. மேலே சொன்ன மகளால் ஃபார்மகோவிஜிலன்ஸில் ப்ராஜெக்ட் செய்ய முடியவில்லை. படிப்பு முடிந்தபின் அதற்குத் தனியாகப் பயிற்சி எடுக்க வேண்டியதாயிற்று. பணமும் போனது, சில மாதங்களும் போயின. கடன் வாங்கிப் படிக்க வைத்த வீட்டுக்கு அந்தச் சில மாதங்கள் சாதாரணமானவை அல்ல.

எந்தப் பாடம் எந்தப் பக்கம் கொண்டுபோகும்?

அலுவலக வேலையை விரும்புகிறவர்கள்: ஃபார்மகோவிஜிலன்ஸ், ரெகுலேட்டரி சயின்ஸ் இரண்டும் நன்றாகப் பொருந்தும். முதலாவதில் ஒரு மருந்து சாப்பிட்டபின் நோயாளிக்கு ஏற்பட்ட பாதிப்பை எப்படிப் பதிவு செய்வது, மருந்துதான் காரணமா என்று எப்படி மதிப்பிடுவது, உலகம் முழுதும் புரியும் குறியீட்டுச் சொற்களில் எப்படி எழுதுவது என்று படிப்பார்கள். இரண்டாவதில் புதிய மருந்துக்கும் ஜெனரிக் மருந்துக்கும் இந்தியா, அமெரிக்கா, ஐரோப்பா போன்ற இடங்களில் அனுமதி வாங்க என்னென்ன ஆவணங்கள் தேவை என்று படிப்பார்கள். இரண்டுமே கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து ஆங்கிலத்தில் வாசித்து எழுதும் வேலை. ஆகவே ஆங்கிலத்தை மூன்றாம் ஆண்டிலேயே பலப்படுத்த வேண்டும். சில நிறுவனங்களில் இரவு ஷிஃப்ட்டும் உண்டு. பெண் பிள்ளைகளின் வீட்டில் இதை முன்பே பேசிக்கொள்வது நல்லது.

தொழிற்சாலை, ஆய்வகம் பக்கம் போக நினைப்பவர்கள்: நவீன பகுப்பாய்வுக் கருவிகள் பாடம் மருந்தில் உள்ள பொருளை அளந்து சொல்லும் கருவிகளையும், அவற்றைச் சரிபார்க்கும் முறைகளையும் சொல்லித்தருகிறது. தரக்கட்டுப்பாட்டு வேலைக்கு இது உதவும். ஓ.எம்.ஆர். சாலையில் திருப்போரூரை அடுத்த ஆலத்தூரில் மருந்துத் தொழிற்சாலைகளுக்கென்றே ஒரு சிட்கோ தொழிற்பேட்டை இருக்கிறது. நம் பகுதிப் பிள்ளைகள் போய்வரக்கூடிய தூரம்தான்.

மூலிகை பக்கம் ஆர்வம் உள்ளவர்கள்: தாம்பரம் சானடோரியத்திலேயே தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது. திருவான்மியூரில் 1944-ல் தொடங்கிய இம்ப்காப்ஸ் கூட்டுறவு மருந்தகம் இருக்கிறது. அரசு நிறுவனமான டாம்ப்காலின் மருந்து உற்பத்தி ஆலத்தூரில் நடக்கிறது. சூரணமும் லேகியமும் ஒவ்வொரு முறையும் ஒரே தரத்தில் இருக்கின்றனவா, ஈயம் போன்ற உலோகங்கள் கலந்திருக்கின்றனவா என்று சோதிக்கும் முறைகள்தான் மூலிகைத் தரக்கட்டுப்பாட்டுப் பாடம். இத்தனை நிறுவனங்கள் பக்கத்தில் இருக்கும்போது ப்ராஜெக்ட்டுக்கு அனுமதி கேட்டுப் பார்ப்பது வீண்போகாது.

ஆராய்ச்சி, மேற்படிப்பு பக்கம்: கம்ப்யூட்டர் வழி மருந்து வடிவமைப்பு, செல் மற்றும் மூலக்கூறு உயிரியல், ஆய்வகப் பரிசோதனை சார்ந்த மருந்தியல் மூன்றும் இந்தப் பக்கம். எம்.ஃபார்ம் நிச்சயம் என்றால் இவற்றை எடுக்கலாம். உடனே வேலைக்குப் போயாக வேண்டிய குடும்பச் சூழ்நிலை என்றால் இவற்றில் ஒன்றோடு நிறுத்திக்கொண்டு, மற்றொன்றை வேலை சார்ந்ததாக எடுப்பது புத்திசாலித்தனம்.

வியாபாரம்: சொந்த மருந்துக் கடை, மொத்த விற்பனை, மெடிக்கல் ரெப் வேலை என்று யோசிப்பவர்களுக்கு விற்பனை மேலாண்மைப் பாடம் உண்டு. மருந்து விலையை அரசு எப்படிக் கட்டுப்படுத்துகிறது, விநியோகச் சங்கிலி எப்படி இயங்குகிறது என்பவை இதில் வரும். குடும்பத்தில் ஏற்கனவே கடை இருப்பவர்கள் இதை எளிது என்று தள்ளிவிட வேண்டாம்.

அழகுசாதனமும் ஊட்டச்சத்தும்: இந்த இரண்டையும் “சும்மா மார்க்குக்கு” எடுப்பதாகப் பலர் சொல்கிறார்கள். நம் சமுதாயத்துக்கு இவற்றில் தனித் தேவை இருக்கிறது. “இந்த கேப்சூல் ஹலாலா?” என்று பள்ளிவாசலில் கேட்கப்படும் கேள்வியை எண்ணிப் பாருங்கள். கேப்சூல் உறை பெரும்பாலும் ஜெலட்டினால் ஆனது. ஜெலட்டின் மாட்டிலிருந்தும் வரலாம், பன்றியிலிருந்தும் வரலாம். தாவர மூலத்திலிருந்து செய்த உறைகளும் உண்டு. லேபிளைப் படித்து மூலப்பொருளைப் பிரித்துச் சொல்லத் தெரிந்தவர் இருந்தால், ஆலிம்கள் தீர்ப்புச் சொல்வதும் எளிதாகும். வேலைவாய்ப்பும் உண்டு. இந்தோனேசியா 2014-ல் கொண்டுவந்த சட்டத்தின் கீழ் உணவு, அழகுசாதனப் பொருட்கள் முதலியவற்றுக்கு ஹலால் சான்றிதழ் படிப்படியாகக் கட்டாயமாக்கப்பட்டு வருகிறது. அங்கே ஏற்றுமதி செய்யும் நிறுவனங்களுக்கு இந்த அறிவுள்ள ஆட்கள் தேவை.

பட்டியலில் பத்து, வகுப்பில் எத்தனை?

பெற்றோர் கேட்க வேண்டிய முக்கியமான கேள்வி இது. விதிமுறையில் பத்துப் பாடம் இருந்தாலும், ஒரு கல்லூரி பத்தையும் நடத்தும் என்று எண்ணிவிட வேண்டாம். ஆசிரியர் இருக்க வேண்டும், போதிய மாணவர்கள் சேர வேண்டும். சில இடங்களில் மூன்று, நான்கு பாடங்களே நடக்கும். வேறு சில இடங்களில் இரண்டை மட்டும் நடத்தி, “எல்லோரும் இதையே எடுங்கள்” என்று முடித்துவிடுவதும் உண்டு. சேர்ந்தபின் இதை மாற்றுவது கடினம். சேரும் முன்பே கேட்டுவிட்டால் இரண்டு கல்லூரிகளுக்கு இடையில் முடிவு செய்ய இதுவும் ஓர் அளவுகோலாகும். நிகர்நிலைப் பல்கலைக்கழகம் என்றால் கூடுதலாக வேறு விருப்பப் பாடங்கள் உண்டா என்றும் கேளுங்கள்.

கல்லூரிக்குப் போகும்போது இந்தக் கேள்விகளை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்.

1. கடந்த இரண்டு ஆண்டுகளில் எட்டாவது செமஸ்டரில் எந்தெந்த விருப்பப் பாடங்கள் உண்மையில் நடத்தப்பட்டன?

2. நாங்கள் நினைக்கும் பாடத்தை நடத்துபவர் அந்தத் துறையில் எம்.ஃபார்ம் அல்லது பிஎச்.டி. முடித்தவரா?

3. கடந்த ஆண்டு மாணவர்கள் அந்தப் பாடத்தில் செய்த ப்ராஜெக்ட் தலைப்புகளைப் பார்க்கலாமா? அவை கல்லூரிக்குள் செய்யப்பட்டவையா, மருத்துவமனை அல்லது தொழிற்சாலையில் செய்யப்பட்டவையா?

4. ப்ராஜெக்ட்டுக்கு ரசாயனம், கருவி, பயணம் என்று மாணவர் தலையில் விழும் செலவு எவ்வளவு?

5. மாணவர் தம் பாடங்களை எப்போது எழுதிக் கொடுக்க வேண்டும்? பிறகு மாற்ற முடியுமா?

இந்த ஐந்துக்கும் தயங்காமல் பதில் சொல்லும் கல்லூரி நம்பிக்கைக்குரியது.

ஐந்தாவது செமஸ்டரிலிருந்தே தொடங்குங்கள்

விருப்பப் பாடப் படிவம் கைக்கு வந்தபின் யோசித்தால் ஓரிரு நாள்தான் அவகாசம் இருக்கும். அதனால்தான் பிள்ளைகள் கூட்டத்தோடு போய்விடுகிறார்கள்.

ஐந்தாவது செமஸ்டரில் எந்தப் பாடம் தனக்கு உண்மையில் பிடிக்கிறது என்று பிள்ளை கவனிக்கட்டும். ஆறாவது செமஸ்டருக்கும் ஏழாவதுக்கும் இடையில் தொழிற்சாலையிலோ மருத்துவமனையிலோ நான்கு வாரம், 150 மணி நேரப் பயிற்சி எடுக்கும்படி விதிமுறை பரிந்துரைக்கிறது. இதைச் சான்றிதழுக்காக மட்டும் செய்யாமல், தான் நினைக்கும் வேலையை நேரில் பார்க்கும் வாய்ப்பாகப் பயன்படுத்த வேண்டும். ஏழாவது செமஸ்டரில் பிராக்டிஸ் ஸ்கூல் என்று மேலும் 150 மணி நேரம் உண்டு. அதிலும் கல்லூரி அறிவிக்கும் துறைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். பயிற்சி, பிராக்டிஸ் ஸ்கூல், விருப்பப் பாடம், ப்ராஜெக்ட் நான்கும் ஒரே திசையில் அமைந்தால், படிப்பு முடியும்போது அந்தப் பிள்ளை ஒரு துறையை ஓரளவு தெரிந்தவராக வெளியே வருவார்.

இரண்டு பாடங்களில் ஒன்றை வேலைக்காகவும், மற்றொன்றை அதற்குத் துணையாகவும் எடுக்கலாம். ஃபார்மகோவிஜிலன்ஸுடன் ரெகுலேட்டரி, மூலிகைத் தரக்கட்டுப்பாட்டுடன் நவீன கருவிகள், அழகுசாதனத்துடன் ரெகுலேட்டரி அல்லது விற்பனை மேலாண்மை, இப்படி. தோழிகள் எடுக்கிறார்கள் என்பதற்காக எடுத்தால் ப்ராஜெக்ட்டும் அவர்களுடையதாகத்தான் இருக்கும்.

மதிப்பெண்ணைப் பார்க்கவே கூடாதா? பார்க்கலாம். முதல் ஏழு செமஸ்டரில் மதிப்பெண் குறைவாக இருக்கும் பிள்ளைக்கு அது நியாயமான கவலைதான். ஆனால் சீனியருக்கு எளிதாக இருந்தது நமக்கும் எளிதாக இருக்கும் என்பதில்லை. பிடித்த பாடத்தில் மதிப்பெண் தானாக வரும்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை

பாடத்தின் பெயர் நமக்குப் புரியாமல் போகலாம். பிள்ளையிடம், “இதைப் படித்தால் என்ன வேலை செய்வாய்? அதை எனக்குப் புரியும்படி சொல்லு” என்று கேட்பதற்குப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. அத்தாவிடமும் அம்மாவிடமும் விளக்கிச் சொல்ல முடிகிற பிள்ளைக்குத் தன் முடிவு தெளிவாக இருக்கிறது என்று பொருள். சொல்ல முடியவில்லை என்றால் இன்னும் நான்கு பேரிடம் கேட்க வேண்டும். மஷ்வரா செய்வதும் இஸ்திகாரா தொழுவதும் திருமணத்துக்கு மட்டும் உரியவை அல்ல.

இன்னொரு செய்தி எல்லாக் குடும்பங்களுக்கும். மருந்து சாப்பிட்டபின் அரிப்பு, மூச்சுத்திணறல் போன்ற பாதிப்பு வந்தால் முதலில் மருத்துவரிடம் போங்கள். பிறகு 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் தகவல் சொல்லலாம். 2010-ல் தொடங்கிய இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தின் எண் இது. பொதுமக்கள் யாரும் அழைக்கலாம். இப்படி வரும் தகவல்களை ஆராய்ந்து பதிவு செய்வதுதான் அந்த மகள் செய்ய ஆசைப்பட்ட வேலை.

நம் மஹல்லாவில் ஐந்து, ஆறு, ஏழாவது செமஸ்டரில் இருக்கும் பி.ஃபார்ம் பிள்ளைகள் தங்கள் கல்லூரி நடத்தும் விருப்பப் பாடங்களின் பட்டியலை எடுத்துக்கொண்டு, பெற்றோருடன் அறக்கட்டளை அலுவலகத்துக்கு வாருங்கள். படித்து முடித்து வேலையில் இருக்கும் நம் பகுதிச் சகோதர சகோதரிகளும் வந்து ஒரு மணி நேரம் கொடுத்தால், அது பின்னால் வரும் பிள்ளைகளுக்கு நீங்கள் செய்யும் ஸதகாவாக அமையும், இன்ஷா அல்லாஹ்.

நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியையும் ஹலாலான வாழ்வாதாரத்தையும் அல்லாஹ் தருவானாக. ஆமீன்.